அறுபது டாலர் பொய்மீன்

“இன்னும் எவ்வளவு நேரம்யா அந்தச் செவுத்தையே பாத்துட்டு நிப்ப? கல்யாண மோதிரம் வாங்க வந்தவன்கூட இவ்வளவு யோசிக்கமாட்டான். கடைய மூடிட்டுச் சாப்பிடப் போகணும்” என்றார் டெல்பர்ட்.

ஆர்வல் பிக்கன்ஸ் அசையவில்லை. டெல்பர்ட்டின் கடையில் பாதி பெட்ரோலுக்கு, கால்வாசி உயிர்ப் புழுவுக்கு, மிச்சம் இருந்த பின்சுவர் முழுக்கப் பொய்மீன்களுக்கு. பாஸ் மீனை ஏமாற்றுவதற்காகத் தண்ணீரில் நீந்தவிடும் ஸ்விம்பெய்ட்டுகள். வாலை மட்டும் ஆட்டுவது, இடுப்பை ஆட்டுவது, உடம்பில் நாலு கீல் வைத்து வெட்கமே இல்லாமல் முழுசாக ஆடுவது என்று தரையிலிருந்து கூரை வரை நாலாயிரம் தொங்கின. நானூறு என்று சொல்பவர்கள் ஒழுங்காக எண்ணாதவர்கள்.

ஆர்வலின் கையில் ஒரு கவர். அதில் அறுபது டாலர். கவரின் மேல் அவர் மனைவி லுவீனா கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘இவ்வளவுதான். அழுதாலும் இவ்வளவுதான்.’

“ஆரம்பிக்கிறவனுக்கு இதுதான்” என்று டெல்பர்ட் ஒரு சின்னப் பையை எடுத்து நீட்டினார். “மூணரை அங்குலம், ரப்பர், வால் மட்டும் துடிக்கும். ஆறு உருப்படி ஏழு டாலர். உன் பழைய தூண்டில் கழியே போதும். போட்டு மெதுவா சுத்து, அவ்வளவுதான் வித்தை. இந்த மாசம் ஏரியில பொடிமீன் எல்லாம் இந்த சைஸ்லதான் திரியுது.”

“இது புழு மாதிரில்ல இருக்கு.”

“உன் கண்ணுக்கு. நீ பாஸ் மீனா?”

அந்த நேரம் பார்த்துத்தான் ராய்ஸ் உள்ளே வந்தான். லுவீனாவின் தம்பி. அவன் படகில் இருந்த திரைகளையும் பொத்தான்களையும் வைத்து ஒரு சின்ன விமான நிலையத்தையே நடத்தலாம். போன மாதம்தான் கலிபோர்னியாவிலிருந்து ஒன்பது அங்குலப் பொய்மீன் ஒன்றை வரவழைத்திருந்தான். அதன் விலையை அவன் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொன்னான். சொல்லச் சொல்ல ஏறியது.

“மச்சான், சின்ன இரைக்குச் சின்ன மீன், பெரிய இரைக்குப் பெரிய மீன். இதுக்கெல்லாமா பள்ளிக்கூடம் போகணும்?” என்றான். “பன்னண்டாவது வருஷமும் ஏப்ரன் கட்டிக்கணும்னு ஆசைன்னா அந்த ஏழு டாலர் பைய வாங்கு.”

ஏப்ரன் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஆர்வலின் கை அந்தப் பையை விட்டது.

அலபாமாவில் எங்கள் ஹேக்பெரி துறையின் பாஸ் கிளப்புக்கு ஒரு வழக்கம். அக்டோபர் கடைசி சனிக்கிழமை போட்டி. ஆளுக்கு அஞ்சு மீன், மொத்த எடை பார்த்துவிட்டு உயிரோடு ஏரியில் விட்டுவிடவேண்டும். கடைசியாக வந்தவன் மஞ்சள் நிறச் சுருக்கு வைத்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பாஸ்டர் டீக்கின் குளத்துக் கெளுத்தியைச் சோளமாவில் புரட்டி, ஊருக்கே வறுத்துப் போடவேண்டும். பதினோரு வருஷமாக அந்த ஏப்ரன் ஆர்வலின் இடுப்பை விட்டு வேறு இடுப்பைப் பார்த்ததில்லை. இருநூறு பேர் மூன்று தடவை வரிசையில் வந்து தட்டை நீட்டுவார்கள். நீட்டும்போதே கேலியும் செய்வார்கள். கடைசித் தட்டு போனபின் சட்டியடியில் கருகிய தூள்தான் ஆர்வலுக்கு. அதையும் நின்றுகொண்டே தின்பார்.

இந்த வருஷம் அதற்கும் மேலே ஒன்று. பன்னிரண்டாம் தடவையும் ஆர்வலே கடைசி என்றால், தேவாலயத்து மாதர் சங்கம் ஏப்ரனில் அவர் பெயரை நீலநூலில் தைத்து, நிரந்தரமாக அவருக்கே கொடுத்துவிடுவதாகத் தீர்மானம் போட்டிருந்தது. நூல் வாங்கியாகிவிட்டது.

ஆர்வலுக்குப் பரிசுக் கோப்பை வேண்டாம். ஒரே ஒரு வருஷம், மற்றவர்களைப் போல மேசையில் உட்கார்ந்து, யாரோ வறுத்த மீனைத் தட்டில் வாங்கித் தின்னவேண்டும். அவ்வளவுதான்.

“டெல்பர்ட், பெருசா எதாவது காட்டு” என்றார்.

டெல்பர்ட் பெருமூச்சு விட்டுக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து யாரோ விற்றுவிட்டுப்போன பழைய ஒன்பது அங்குலம் ஒன்றை எடுத்தார். மரத்தில் செய்தது. கண் இருந்தது, செவுள் இருந்தது. கன்னத்தில் ஒரு அவமானக் களைகூட இருந்தது. அரைச் செங்கல் கனம். நாற்பத்தைந்து டாலர்.

“இத உன் கழி தாங்காது” என்றார் டெல்பர்ட்.

“கழி தாங்கும். மனசுதான் தாங்காது” என்று சொல்லிவிட்டு ஆர்வல் பணத்தைக் கொடுத்தார்.

கழி தாங்கவில்லை.

அரை அவுன்ஸ் வீசப் பிறந்த கழி அது. அதை வைத்து அரைச் செங்கலை வீசினால் என்ன ஆகும்? முதல் வீச்சிலேயே மேல்பாதி பொய்மீனோடு சேர்ந்து ஏரிக்குள் போனது. ஆர்வல் தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்து இரண்டையும் கரையேற்றினார். கையில் அரைக் கழியோடு வீட்டுக்குள் நுழைந்தவரை லுவீனா ஏற இறங்கப் பார்த்தாள்.

“காலையில போறப்ப அது நீளமா இருந்துச்சே?”

“பயணத்துக்கு வசதியா மடக்கி வெச்சிருக்கேன்.”

மறுநாள் கொட்டகையிலிருந்து, மெக்ஸிகோ வளைகுடாவில் சுறா பிடிப்பதற்கென்று அவருடைய மாமா விட்டுப்போன பன்னிரண்டடிக் கழியை எடுத்தார். கொடிக்கம்பத்துக்கு ரீல் வைத்த மாதிரி இருந்தது. படகுத்துறைப் பலகையில் நின்று இரண்டு கையாலும் வீசினார். பொய்மீன் பாதி ஏரியைத் தாண்டி விழுந்தது. விழுந்த இடத்தில் அது அப்படியொரு அழகாக இடுப்பை வளைத்து நீந்தியதைப் பார்த்து ஆர்வலுக்கே வாயில் எச்சில் ஊறியது.

வேறு ஒருவருக்கும் ஊறியது. மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த விராலடிப்பான் பருந்து ஒன்று சிறகை ஒடுக்கி, கல் மாதிரி இறங்கி, இரண்டு காலாலும் நாற்பத்தைந்து டாலரைத் தூக்கிக்கொண்டு எழும்பியது.

ஆர்வல் விடவில்லை. ரீல் கத்தியது. பறவை வடக்கே இழுக்க, ஆர்வல் பலகையில் வடக்கே ஓடினார். அது தெற்கே திரும்ப, அவரும் திரும்பினார். கரையில் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பாஸ்டர் டீக் தூரிகையைக் கீழே வைத்தார்.

“ஆர்வல், பட்டம் விடுறியாப்பா?”

“இல்ல பாஸ்டர், மீன் பிடிக்கிறேன்.”

“மேலயா?”

“ஆமா. இன்னிக்கு மேலதான் கடிக்குது.”

முந்நூறு கெஜம் நரம்பும் தீர்ந்து, ரீலின் அடிமுடிச்சு ‘டப்’ என்று அறுந்தது. அந்தப் பறவை மூன்று நாள் தொலைபேசிக் கோபுரத்து உச்சியில் உட்கார்ந்து அந்தப் பொய்மீனைத் தின்னப் பார்த்தது. நாலாம் நாள் அலகைத் தேய்த்துக்கொண்டு, ஊர் மேலேயே வெறுத்துப்போய், தென்அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டது.

ராய்ஸ் இதைக் கேட்டு, சிரித்து முடிக்கக் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த யோசனையைச் சொன்னான்.

“மேல நீந்துறதாலதானே பருந்து தூக்குது? அடியில நீந்துறதா வாங்கு மச்சான். பருந்தென்ன முக்குளிக்கவா போகுது?”

இதில் குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா? ஆர்வலுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுச் சந்தையில் மீதிப் பதினைந்து டாலருக்கு, வயிற்றில் ஈயம் ஊற்றிய ஒரு பொய்மீன் கிடைத்தது. கீழே மூன்று தூண்டில் முள்கொத்து. கப்பலுக்கு நங்கூரமாகப் போட்டால் கப்பல் நன்றி சொல்லும். கொட்டகையில் மிச்சமிருந்த சுறா நரம்பை ரீலில் சுற்றி, அதைக் கட்டிக்கொண்டு படகில் கிளம்பினார்.

எங்கள் ஏரி அணை கட்டித் தேக்கியது. அடியில் பழைய சாலை, வேலி, வெட்டாமல் விட்ட ஓக் மரங்கள் எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. ஆர்வலின் பொய்மீன் நேராகப் போய் அதில் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. இடமிருந்து இழுத்தார். வலமிருந்து இழுத்தார். படகுதான் நகர்ந்தது. சுறா நரம்பு அறுவதாகவும் இல்லை.

“பதினஞ்சு டாலர்” என்று ஏரியைப் பார்த்துச் சொன்னார். “உனக்கு இல்ல.”

நரம்பைப் படகின் பின்கொக்கியில் நாலு சுற்று சுற்றினார். இயந்திரத்தை முழு வேகத்தில் விட்டார். படகு மூக்கைத் தூக்கியது. நரம்பு வீணைத் தந்தி மாதிரி பாடியது. அடியில் ஏதோ முனகியது. பிறகு மரம் விட்டுவிட்டது.

ஏரிக்குள்ளிருந்து கிளம்பிய பொய்மீன், துப்பாக்கிக் குண்டு கற்றுக்கொள்ளவேண்டிய வேகத்தில், நேராக வந்த வழியே திரும்பியது. ஆர்வல் அந்த நேரம் முன்பக்கம் பார்த்துக் குனிந்திருந்தார். அவருடைய உடம்பில் அப்போது அதற்கு மிக வசதியாக இருந்த பாகத்தில் மூன்று முள்கொத்தும் ஒன்றாக இறங்கின.

எங்கள் ஊர் மருத்துவமனையில் ஒரு தக்கைப் பலகை உண்டு. நோயாளிகளிடமிருந்து எடுத்த தூண்டில் முள்ளெல்லாம் அதில் வருஷவாரியாகக் குத்தி வைத்திருப்பார்கள். நர்ஸ் ஆர்வலைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு, ஒரு அடி தள்ளி நின்று, கண்காட்சியில் படம் பார்ப்பவள் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“எடுத்ததுக்கப்புறம் இத நாங்க வெச்சுக்கலாமா சார்? இவ்வளவு பெரிசு எங்ககிட்ட இல்ல.”

“எடுத்துக்கோம்மா. இனிமே அத நான் பின்னாலகூட வெச்சுக்க விரும்பல.”

லுவீனா வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆர்வல் பின்சீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டார். பாதி வழி வரை அவள் சாலையின் ஒரு பள்ளத்தையும் விடாமல் ஓட்டினாள். அதுதான் அவருக்கு முள்ளைவிட வலித்தது.

“அறுபது டாலர் எங்க?” என்றாள் கடைசியில்.

“நாப்பத்தஞ்சு ஆகாசத்துல இருக்கு.”

“மிச்சம்?”

“இவ்வளவு நேரம் எங்கிட்டதான் இருந்துச்சு. இப்பத்தான் நர்ஸ் புடுங்கினா.”

லுவீனா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். வண்டி கொஞ்சம் அலைந்தது.

“எதுக்குங்க இந்தப் பாடு? ஒரு ஏப்ரனுக்கா?”

“ஏப்ரனுக்கு இல்ல லூ.” குரல் சீட்டுத் துணிக்குள்ளிருந்து வந்தது. “போன வருஷம் நான் பிடிச்ச பெருசு ஞாபகம் இருக்கா? நம்ம வீட்டுத் தராசுல நாலு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல. கிளப் தராசுல ரெண்டே கால். அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். எல்லாரும் சிரிச்சாங்க. கரைக்கு வந்தா எவன் மீனும் சுருங்கத்தான் செய்யும்னாங்க.”

“தராசக் காட்டுங்கன்னு கேக்கவேண்டியதுதானே?”

“எப்படிக் கேக்கறது? நான் வீடு வீடாப் போய்த் தண்ணி மீட்டர் பாத்து எழுதறவன். எழுதினத நம்பாம சண்டைக்கு வர்ற ஜனங்களக் கண்டா எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும்னு உனக்குத் தெரியாதா? இமோஜீன் அக்கா தேவாலயத்துல நாப்பது வருஷமா ஆர்கன் வாசிக்கிறவங்க. அவங்க தராசுக்குப் பின்னால உக்காந்து ஒரு எண்ணச் சொன்னா அதுதான் எண்ணு. மீன் சின்னதுன்னா நான் சரியா பிடிக்கலன்னுதான் அர்த்தம்.” முகத்தைச் சீட்டில் மறுபக்கம் திருப்பினார். “ஒரே ஒரு வருஷம் உக்காந்து திங்கணும் லூ. இப்ப உக்காரவே முடியாதுங்கறது வேற விஷயம்.”

லுவீனா வீட்டுத் திருப்பத்தில் திரும்பவில்லை. நேரே டெல்பர்ட் கடைமுன் கொண்டுபோய் நிறுத்தினாள். ஜன்னல் திறந்திருந்ததால் ஆர்வலுக்கு எல்லாம் கேட்டது.

“டெல்பர்ட், மொதமொத மீன் பிடிக்க வர்றவனுக்கு என்ன குடுப்ப?”

“இதோ. மூணரை அங்குலம், ஆறு இருக்கு. ஏழு டாலர். இதத்தான் மூணு வாரம் முன்னாடி உன் வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னேன்.”

“ஏழுன்னு சொன்னதுதான் நீ செஞ்ச தப்பு. எழுபதுன்னு சொல்லியிருந்தா அப்பவே வாங்கியிருப்பாரு.”

அவள் திரும்பி வந்து பையைப் பின்சீட்டில் போட்டாள். அது ஆர்வலின் முதுகில் விழுந்தது. “கோழிமுட்டை வித்த காசு” என்றாள். “இதையும் பருந்துக்குப் போட்டீங்கன்னா அப்புறம் நான் பருந்தையே வளத்துக்கறேன்.”

போட்டி நாள். காலையில் ஏரியின் மேல் பனிமூட்டம் போர்வை மாதிரி கிடந்தது. ஒன்பது படகுகள் கிளம்பின. எட்டில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவதில் ஆர்வல் நின்றுகொண்டிருந்தார், ஜெனரல் வாஷிங்டன் படகில் நின்றபடியே ஆற்றைக் கடக்கிற பழைய ஓவியத்தில் நிற்கிற மாதிரி. உட்கார டாக்டர் அனுமதிக்கவில்லை. உடம்பும் அனுமதிக்கவில்லை.

கையில் ஒட்டுப் போட்ட பழைய கழி. நுனியில் மூணரை அங்குல ரப்பர். ஓடை ஏரியில் சேரும் வாயில் நின்று வீசினார். வேகமாகச் சுற்றினால் இடுப்புக்குக் கீழே பதினான்கு தையலும் ஒன்றாகக் கூவின. மெதுவாகச் சுற்றினார். அப்போதும் ஏழு கூவின. இன்னும் மெதுவாகச் சுற்றினார். ஒரு தவளை அவருடைய நரம்பின் வேகத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

ராய்ஸின் படகு உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்தது. அவன் தன் கலிபோர்னியா ஒன்பது அங்குலத்தை வீசினான். தண்ணீரில் பியானோ விழுந்த மாதிரி சத்தம். கரையில் இருந்த நாரைகளெல்லாம் எழுந்து வேறு மாவட்டத்துக்குப் போயின.

“மச்சான், தூங்கிட்டியா? ரீல் சுத்துதா, நிக்குதா?”

“சுத்துது மச்சான். வேகமா சுத்தினா வலிக்குது.”

“ஏப்ரன் கட்டினா வலிக்காது. அது முன்பக்கம்தான் வரும்” என்று சொல்லிவிட்டு ராய்ஸ் மறுபடி பியானோவை வீசினான்.

அப்போதுதான் ஆர்வலின் நரம்பு கனத்தது. முதலில் இலை என்று நினைத்தார். இலை இடப்பக்கம் நீந்தாது. கழி வளைந்தது. மூன்று பவுண்டுக்குக் குறையாத பாஸ் ஒன்று வாலால் தண்ணீரை அறைந்துகொண்டு மேலே வந்தது. அடுத்த வீச்சில் இன்னொன்று. ஓடை வாயில் பொடிமீன்கள் வெள்ளிக்காசு கொட்டினாற்போல மின்னின. எல்லாம் மூணரை அங்குலம். அவற்றின் நடுவே ஆர்வலின் ஏழு டாலர், களைத்துப்போன பொடிமீனைப்போல, வலி பொறுக்காத மனிதனின் வேகத்தில் வாலாட்டிக்கொண்டு போனது. பாஸ் மீன்கள் அதைப் பார்த்து வரிசையில் நின்றன. வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை போட்டன என்றுகூடச் சொல்லலாம்.

பதினோரு மணிக்கு ஐந்தாவது வந்தது. அது கடிக்கவில்லை. ஏரியின் அடித்தளமே ஒருபக்கம் கிளம்பிப் போன மாதிரி இருந்தது. ஆர்வல் முழங்கால் போட்டார், எழுந்தார், மறுபடி போட்டார். தையல்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. வலைக்குள் வந்தபோது அதன் வாயைப் பார்த்தார். ஒரு பூசணிக்காயை நேராக வைக்கலாம், காம்போடு.

“வீட்டுக்கு வா செல்லம்” என்றார். படகின் தண்ணீர்த் தொட்டியில் அதை மெல்ல இறக்கினார். “தயவுசெஞ்சு கரைக்குப் போறவரைக்கும் மட்டும் சுருங்கிடாத.”

எடை பார்க்கும் மேடையைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. எப்போதும் தராசுக்குப் பின்னால் இருக்கும் இமோஜீன் அக்கா இன்று முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் இருந்தார். புதன்கிழமைதான் கண்புரை அறுவை. ஒரு கண்ணில் வெள்ளை மூடி. ஒரு எண்ணைக்கூடப் படிக்கக் கூடாது என்று டாக்டர் கட்டளை. அவருக்குப் பதிலாக மாநில மீன்துறையிலிருந்து டெனீஷா என்ற பெண் வந்திருந்தாள். அவள் கொண்டுவந்த மின்தராசில் எண்கள் சிவப்பாக, கதவு உயரத்துக்கு, கூட்டத்தைப் பார்த்து எரிந்தன. போதாததற்கு அவளுக்கு ஒலிபெருக்கியே வெட்கப்படும் குரல்.

ஏழு பேர் முடிந்தார்கள். முன்னால் நின்றது பாஸ்டர் டீக்கின் பதினான்கு பவுண்டு. ஆர்வல் மீன் போட்ட தொட்டிப் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி மேடையேறினார்.

“வாப்பா ஆர்வல், நூல ஊசியில கோத்தாச்சு” என்று மாதர் சங்கத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

டெனீஷா பையைத் தராசில் வைத்தாள். சிவப்பு எண்கள் ஓடின, தயங்கின, நின்றன.

“ஆர்வல் பிக்கன்ஸ். அஞ்சு மீன். இருபத்திரண்டு பவுண்டு, ஏழு அவுன்ஸ்.”

யாரும் சிரிக்கவில்லை. மாதர் சங்கத்தில் யாரோ ஊசியைக் கீழே போட்டார்கள்.

“அடக் கடவுளே” என்றார் இமோஜீன் அக்கா மெல்ல.

“தப்பா இருக்கும்மா” என்றார் ஆர்வல். பழக்கதோஷம். “இன்னொரு தடவ வெச்சுப் பாரு. எப்பவும் கொறையும்.”

“சார், இது தராசு. கொறையறதுக்கு இதென்ன சலவையா?” டெனீஷா மறுபடி வைத்தாள். “இருபத்திரண்டு ஏழு. பெருசு மட்டும் ஒன்பது பவுண்டு ஒரு அவுன்ஸ். இந்த வருஷம் நான் பாத்த எந்த ஏரியிலயும் இது இல்ல.”

அதன்பிறகு எழுந்த சத்தத்தில் அணையில் விரிசல் விழாதது பொறியாளர்களின் சாமர்த்தியம். பாஸ்டர் டீக் ஆர்வலைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார், தூக்கக்கூடாத இடத்தில் பிடித்து. ஆர்வல் அலறியதை எல்லோரும் ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது ஆனந்தமும்தான். லுவீனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, நாற்பது வருஷக் கல்யாணத்தில் முதல்முறையாக ஊர்நடுவே அவருக்கு முத்தம் கொடுத்தாள். டெல்பர்ட் நாற்காலிமேல் ஏறி, “ஏழு டாலர், ஏழே டாலர், என் கடையில்” என்று கத்திக்கொண்டிருந்தார். அன்று மாலைக்குள் அந்தச் சுவரில் மூணரை அங்குலம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒன்பதாவதாக ராய்ஸ் வந்தான். தொட்டிப் பையைக் கவிழ்த்தான். தண்ணீர் மட்டும் வந்தது.

“பூஜ்யம்” என்றாள் டெனீஷா, அதையும் அதே குரலில்.

ஆர்வல் ஏப்ரனைத் தன் கையாலேயே மச்சானின் இடுப்பில் கட்டினார். பின்முடிச்சை மட்டும் மூன்று தடவை அவிழ்த்து மூன்று தடவை போட்டார், அந்த நேரம் நீடிக்கட்டும் என்று.

“முன்பக்கம்தான் மச்சான் வரும். வலிக்காது.”

பிற்பகல் மூன்று மணிக்கு நீள மேசையின் தலைப்பக்கம், லுவீனா கொண்டுவந்த இரண்டு தலையணைகளின் மேல், ஆர்வல் பிக்கன்ஸ் உட்கார்ந்தார். பதினோரு வருஷம் கழித்து உட்கார்ந்தார். வலித்தது. இருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மடியில் கைக்குட்டை விரித்தார். இனிப்புத் தேநீர் வந்தது. கோஸ் வந்தது. இடப்பக்கம் லுவீனா, வலப்பக்கம் ஒற்றைக் கண்ணோடு இமோஜீன் அக்கா. சட்டிப் பக்கமிருந்து புகை வந்தது. பிறகு நெருப்பு வந்தது. பிறகு பாஸ்டர் டீக் ஒரு வாளி மணலோடு ஓடுவது தெரிந்தது.

ராய்ஸ் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான். கெளுத்தி வெளியே தார்ச்சாலை மாதிரி இருந்தது. வெட்டினால் உள்ளே இன்னும் குளத்து ஞாபகத்தோடு இருந்தது. சோளமாவு உருண்டைகளில் ஒன்று கைதவறி விழுந்து பலகையில் பள்ளம் போட்டது. பாஸ்டர் டீக் சாப்பாட்டு ஜெபத்தைப் பதினேழு நிமிஷம் நீட்டினார், ஆமென் சொன்னால் தின்னவேண்டுமே என்று. மேசைக்கு அடியில் இருந்த நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மெல்ல எழுந்து போயின. இருநூறு பேரும் தட்டைப் பார்த்தார்கள், பிறகு ஒரே நேரத்தில் ஆர்வலைப் பார்த்தார்கள்.

ஆர்வல் ஒருத்தரையும் பார்க்கவில்லை. ஒரு துண்டை வாயில் வைத்தார். கண்ணை மூடினார். கடித்தார். இன்னும் கொஞ்சம் பலமாகக் கடித்தார்.

“நல்லாயிருக்கு” என்றார், கண்ணில் நீரோடு. “உக்காந்து தின்னா எல்லாமே நல்லாயிருக்கு.”

இமோஜீன் அக்கா தன் துண்டை ஒரு ஓரமாகக் கடித்துப் பார்த்துவிட்டு, முள்கரண்டியைத் தட்டில் வைத்து, தெரிந்த ஒற்றைக் கண்ணால் அவரை நேராகப் பார்த்தார்.

“ஆர்வல், பதினோரு வருஷமா உன் மீனுல பாதி எடைய நான் எழுதவே இல்லப்பா, ஒரே ஒரு வருஷம் எவளோ நேர்மையா எழுதிட்டா, இப்ப பாரு, ஊரே பட்டினி.”